கூடை சொல்லும் வயது

பாரிசுக்குப் புதிதாக வந்து சேரும் எமது குடும்பங்கள் முதல் மாதத்திலேயே பாடமாக்கிக் கொள்ளும் இடங்கள் சில உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நகரசபைக் கட்டடம், விசா அலுவலக வாசல், அதற்கடுத்தது லாச்சப்பல். முதல் மூன்று இடங்களுக்கும் ஏதாவதொரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். லாச்சப்பலுக்கு ஒரு பையும் இருபது யூரோவும் போதும்.

இன்னும் வழி பழகாதவர்களுக்காகச் சொல்கிறோம். கார் டு நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, அதன் கிழக்குப் பக்கமாக ஓடும் போபூர் சென்டெனி வீதிக்கு வந்து வடக்கு நோக்கி நடந்தால், சில நிமிடங்களில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் இரண்டாம் இலக்க மெற்றோ ஓடும் சந்தி வரும். அதுதான் லாச்சப்பல். இடையில் பெர்டொனே வீதி, காய் வீதி, லூயி பிளாங் வீதி என்று பக்கத்து வீதிகள் பிரிகின்றன. மரக்கறிக்கடை, மீன்கடை, நகைக்கடை, புடைவைக்கடை, மாலைக்கடை, கொத்துரொட்டி தாளம் போடும் சாப்பாட்டுக்கடை எல்லாம் இந்தச் சில வீதிகளுக்குள்தான். கொஞ்சம் வடக்கே தள்ளி 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. முருங்கைக்காய் வாங்க வந்தவர் பிள்ளையாரையும் கும்பிட்டு, முடிவெட்டி, ஊருக்குப் பணமும் அனுப்பிவிட்டு ரயிலேறலாம்.

லாச்சப்பலைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகக் கடைப் பெயர்ப்பலகைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். இம்முறை நாம் பலகைகளை விட்டுவிட்டுக் கூடைகளைப் பார்ப்போம். சனிக்கிழமை பிற்பகலில் பலசரக்குக் கடையொன்றின் காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றால் போதும். கூடைக்குள் இருக்கும் சாமான்களை வைத்தே அந்த வீட்டுக் குசினியின் வயதைச் சொல்லிவிடலாம். சமையலில் இருக்கும் ஆர்வம் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. அது ஏறும், இறங்கும், சில வேளை அணைந்தும் போகும். எப்போது ஏறும், எதனால் இறங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தால், புதிதாகக் குசினி போடும் குடும்பங்களுக்குப் பிற்காலத்தில் உதவும்.

தனியாளின் கூடை

முதலில் வருபவர் ஓர் இளைஞர். கூடையில் உறைந்த பரோட்டா ஒரு பைக்கற், பத்து முட்டை, வெங்காயம், மீன் ரின் இரண்டு, கோழிக்கால் ஒரு பை. தேங்காய் இல்லை. இலைவகை எதுவும் இல்லை. இவருடைய கூடை நாற்பது வருடமாக அவ்வளவாக மாறவில்லை.

1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்துக்குப் பின்னர் இந்த நகரத்துக்கு வந்து இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தனி இளைஞர்கள். ஊரில் குசினிப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் போனவர்கள். இங்கே ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருந்து, ஒரேயொரு மின்சார அடுப்பில் முறை வைத்துச் சமைத்தார்கள். முறை தவறியவருக்குப் பாத்திரம் கழுவும் தண்டனை. எதைப் போட்டாலும் மிளகாய்த்தூள் காப்பாற்றும் என்பதே அந்தக் காலத்துச் சமையல் சாத்திரம். கோழிக்கறிதான் எல்லாக் கேள்விக்கும் பதில்.

பகலில் அவர்களில் பலர் வேலை செய்ததும் குசினிகளில்தான். பிரெஞ்சு உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, சில வருடங்களில் அடுப்படிக்கு வந்து, வெள்ளைக்காரர் விரும்பிச் சாப்பிடும் மாட்டிறைச்சியையும் வெங்காயச் சூப்பையும் பதம் தவறாமல் செய்யப் பழகியவர்கள் எம்மவரில் ஏராளம். லாச்சப்பல் சந்திக்குப் பக்கத்திலேயே பூப் டு நோர் என்ற பழைய நாடக அரங்கு இருக்கிறது. பீற்றர் புறூக் என்ற நெறியாளர் 1974இல் அதைத் திரும்பத் திறந்தார். 1985இல் அவர் மகாபாரதத்தை அவிஞ்ஞோன் விழாவில் முதலில் மேடையேற்றி, பின்னர் இங்கே கொண்டுவந்தார். நாடு இழந்து மறைந்து வாழ்ந்த வீமன் விராடராசனின் மடைப்பள்ளியில் சமையற்காரனாக இருந்த கதை எமக்குத் தெரியும். அந்த நாடகம் இங்கே நடந்த காலத்தில், நாடிழந்து வந்த எமது இளைஞர்கள் இதே நகரத்து உணவகங்களின் பின்கட்டில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. எட்டு மணித்தியாலம் இன்னொருவருடைய அடுப்பில் நின்று வந்தவர் வீட்டுக்கு வந்து சட்டியைத் தொட விரும்புவதில்லை. கைத்திறன் நிறைய இருக்கும், ஆர்வம் இருக்காது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும்போது உப்புக் கூடிய கறியும் உற்சாகமாகச் சமைக்கப்பட்டது. அறை நண்பர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் கட்டிப் பிரிந்ததும், அதே ஆள் பாணும் முட்டையுமாகப் பொழுதைக் கழிக்கத் தொடங்கினார். சாப்பிட ஆள் இருந்தால்தான் சமைக்க மனம் வரும் என்பதை இந்த முதற் கூடையிலேயே கண்டுகொள்ளலாம்.

புதுக்குடும்பத்துக் கூடை

அடுத்து வருவது கூடை அல்ல, சில்லு வைத்த பை. கூடவே குழந்தை வண்டிலின் கீழ்த்தட்டும் நிறைந்திருக்கிறது. பத்துக் கிலோ அரிசி, சிவப்பரிசி மா, கோதுமை மா, உழுந்து, செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், புளி, இரண்டு முழுத் தேங்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை. போதாததற்குப் புதிய இடியப்ப உரல் ஒன்று.

“அண்ணை, இந்தச் சிவப்பரிசி மா வறுத்ததோ, வறுக்காததோ?”

“வறுத்தது தங்கச்சி. எண்டாலும் வீட்டில ஒருக்கா இளஞ்சூட்டில போட்டு எடுங்கோ. பிட்டு உதிரியா வரும்.”

வீட்டுச் சமையலின் உச்ச காலம் இதுதான். இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில், வந்து ஓரிரு வருடத்துக்குள், எமது பெண்கள் ஊரில்கூடச் செய்யாத பலகாரங்களை எல்லாம் இங்கே செய்து பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் ஊர்நினைவு மட்டும் அல்ல. வெளியே மொழி தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தை வாசிக்க ஆள் வேண்டும். வைத்தியரிடம் போகத் துணை வேண்டும். வீட்டு விலாசத்தைச் சொல்லவும் நாக்குத் தடுமாறுகிறது. அந்த நாளில் ஒரு பெண் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லாமல் தானே அரசியாக நிற்கக்கூடிய ஒரே இடம் அடுப்படி. அதனால்தான் அங்கே இவ்வளவு ஊக்கம் பிறக்கிறது.

அந்த அடுப்படியில் அவள் அறியாமலே இந்த நாட்டு மொழியும் கொஞ்சம் இருக்கிறது. நாம் குசினி என்கிறோம், பிரெஞ்சுக்காரர் குயிசின் என்கிறார்கள். நாம் பாண் என்கிறோம், அவர்கள் மூக்கால் பேங் என்கிறார்கள். பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுப்போனது. குசினியும் அவர்களிடமிருந்து வந்ததென்றே சொல்வார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658 வரை ஆண்டவர்கள் அவர்கள். போர்த்துக்கேய மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் தாய் இலத்தீன் என்பதால் சொற்கள் சகோதரம் கொண்டாடுகின்றன. செத்தல் மிளகாயும் மரவள்ளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து எம்மிடம் வந்தவைதான். மிளகாய் வருமுன் எமது பாட்டிமாரின் பாட்டிமார் மிளகைக் கொண்டு உறைப்பாக்கினார்கள். ஆகவே கறிச்சட்டிக்குள் இருப்பதில் ஒரு சொட்டும் மாறக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

இந்தப் பருவத்தவர் கவனிக்க வேண்டிய சில நடைமுறை விடயங்களும் உண்டு. பிரான்சில் 2015 மார்ச் முதல் ஒவ்வொரு வீட்டிலும் புகையறிவிக்கும் கருவி இருக்கவேண்டும் என்பது சட்டம். மிளகாயும் மல்லியும் வறுக்கும்போது அது கத்தினால் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். சிறு சிறு பங்காக, சன்னலைத் திறந்து, குறைந்த சூட்டில் வறுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடிவிட வேண்டும். ஊரிலிருந்து வருபவர்களிடம் கறிவேப்பிலையும் முருங்கையிலையும் கொண்டுவரச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 டிசம்பர் விதிகளின்படி, பயணிகள் பச்சை இலைகளையும் காய்பிஞ்சுகளையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

இரண்டு வேலைக் கூடை

மூன்றாவது கூடை அவசரத்தில் இருக்கிறது. அதைத் தூக்கி வருபவர் கைத்தொலைபேசியில் மணியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். லா கூர்நெவ், டிரான்சி, ஒல்னே பக்கம் போகும் ஆர்.ஈ.ஆர். பி ரயிலைப் பிடிக்கவேண்டும். கூடையில் அவித்து உறைய வைத்த இடியப்பம், துருவி உறைய வைத்த தேங்காய்ப்பூ, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், உரித்த உள்ளி, ரின்னில் அடைத்த தேங்காய்ப்பால். இடியப்ப உரல் வீட்டில் மேல் தட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

இவருக்கு முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் வயது இருக்கும். விடியமுன் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை, பின்னேரம் இன்னொரு வேலை, நடுவில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். பிள்ளைகள் மதியம் பள்ளிக்கூடக் கன்ரீனில் சாப்பிடுகிறார்கள். முதலில் ஒரு சலாது, பிறகு பிரதான சாப்பாடு, பிறகு பாற்கட்டி, கடைசியில் பழமோ இனிப்போ என்று ஒழுங்காகப் பழகிவிட்ட நாக்கு வீட்டுக்கு வந்து, “அம்மா, இண்டைக்கும் சோறோ?” என்று கேட்கிறது. மாட்டிறைச்சி சாப்பிடாத, அல்லது மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளுக்கு ஒரு தகவல்: 2019 நவம்பர் முதல் பள்ளிக்கூடக் கன்ரீன்களில் வாரத்தில் ஒரு நாளாவது இறைச்சியும் மீனும் இல்லாத சாப்பாடு கொடுக்கப்படுகிறது. மற்ற நாட்களைப் பற்றி நகரசபையின் பள்ளிப் பகுதியில் கேட்டு அறியலாம்.

இந்தப் பருவத்தில் ஆர்வம் இறங்குகிறது. இறங்குவதைவிட மோசமானது அதனோடு வரும் குற்றவுணர்வு. “எங்கட அம்மா ஒரு நாளும் கடை இடியப்பம் வாங்கினதில்லை” என்று கணவரோ மாமியாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும். சொல்பவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். ஊரிலே அந்த அம்மாவுக்கு மா இடிக்க ஒருத்தி, தேங்காய் துருவ ஒரு மகள், மீன் வெட்ட ஒரு மச்சாள், பிள்ளை தூக்க ஒரு பாட்டி என்று நாலு பேர் கைகொடுத்தார்கள். இங்கே நாலு பேரின் வேலையை ஒருத்தி, இரண்டு சம்பள வேலைகளுக்கு நடுவில் செய்கிறாள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் களைப்பைத்தான்.

உறைந்த இடியப்பத்தோடு புதிதாக வைத்த சொதி ஒன்று இருந்தால் அது வீட்டுச் சாப்பாடுதான். எதை வாங்குவது, எதை வீட்டில் செய்வது என்று தெரிந்து பிரித்துக்கொள்வதும் ஒரு சமையல் அறிவே. சம்பலும் சொதியும் பத்து நிமிட வேலை. அவற்றைக் கையால் செய்யுங்கள். நோகும் வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

வைத்தியர் சொன்ன கூடை

நான்காவது கூடை கணவனும் மனைவியும் சேர்ந்து பிடித்துவரும் கூடை. குரக்கன் மா, தீட்டாத சிவப்பரிசி, பாகற்காய், கீரை, தோல் நீக்கிய கோழி, சின்ன மீன். சீனி இல்லை. பட்டியல் எழுதியவர் வைத்தியர் என்பது பார்த்ததுமே தெரிகிறது.

தென்னாசியரான எமக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஐரோப்பியரைவிட இளம் வயதிலும், குறைந்த உடல் நிறையிலும் வருகிறது. அதனால் ஐம்பதைத் தாண்டும்போது பல குசினிகளில் சட்டி மாறுகிறது. குரக்கனில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். சோற்றுக்குப் பதில் குரக்கன் பிட்டு என்று சொல்லி இரண்டு கோப்பை சாப்பிட்டால் பலன் இல்லை.

இந்த வயதில் சில வீடுகளில் ஓர் அதிசயம் நடக்கிறது. முப்பது வருடம் உணவகத்தில் கரண்டி பிடித்துவிட்டு வீட்டில் ஒரு முட்டையும் பொரிக்காதவர், வேலை குறைந்ததும் மெல்ல அடுப்படிக்கு வருகிறார். அறை நண்பர் காலத்துக் கோழிக்கறி திரும்ப வருகிறது. அதேநேரம் மனைவிக்கோ அடுப்படி அலுத்துவிட்டது. “இனி நீங்கள் பாருங்கோ, நான் முப்பது வருசம் பாத்திட்டன்” என்கிறார். இதைக் குடும்பக் குழப்பமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒருவருடைய ஆர்வம் இறங்கும்போது மற்றவருடையது ஏறினால் அந்த வீடு பட்டினி கிடக்காது.

பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறியதும் சட்டிகளின் அளவுதான் முதலில் கண்ணைக் குத்தும். ஐந்து பேருக்குச் சமைத்த கை இரண்டு பேருக்கு அளவு பிடிக்கத் தெரியாமல் திணறும். மிஞ்சிய கறியை மூன்று நாள் சாப்பிட்டு, நாலாம் நாள் சமையலே வெறுத்துப்போகும். இந்தச் சமயத்தில் புதிதாக வாங்கவேண்டிய சாமான் ஒன்றுதான்: சின்னச் சட்டி.

இதே ஆட்களை மாணிக்க விநாயகர் தேருக்கு வந்து பாருங்கள். ஒவ்வொரு கோடைகால முடிவிலும் தேர் இந்த வீதிகளால் வரும்போது தேங்காய் மலையாக உடைபடுகிறது, வழி நெடுகத் தாகசாந்தியும் சாப்பாடும் கொடுக்கப்படுகிறது. வீட்டில் இரண்டு பேருக்குச் சமைக்கச் சலிப்படையும் அம்மாமார், அங்கே நூற்றுக்கணக்கானோருக்கு மரக்கறி வெட்டும்போது சோர்வதில்லை. ஒடியற் கூழ் குடித்தவர்களுக்கு இது விளங்கும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டுக் காய்ச்சும் கூழை ஒரு கோப்பை அளவில் காய்ச்ச முடியாது. சுற்றிவரப் பத்துப் பேர் இருந்தால்தான் அது கூழ்.

சின்னக் கூடை

கடைசியாக வருவது கூடை என்று சொல்லவும் முடியாத ஒரு துணிப்பை. ஒரு முருங்கைக்காய், இரண்டு தக்காளி, ஒரு பிடி கீரை, ஒரு பைக்கற் தேயிலை.

“அம்மா, கத்தரிக்காய் நல்லாயிருக்கு. ஒரு கிலோ போடட்டோ?”

“கால் கிலோ போதும் தம்பி. ஆர் சாப்பிடப் போயினம்?”

இந்தக் கேள்விக்குக் கடைக்காரத் தம்பியிடம் பதில் இல்லை. 1980களில் வந்த இளைஞர்களும், பின்னர் அவர்களிடம் வந்து சேர்ந்த மனைவிமாரும், பேரப்பிள்ளை பார்க்க வந்து தங்கிவிட்ட தாய்மாரும் இப்போது முதுமையில் நிற்கிறார்கள். புலம்பெயர்ந்த எமது சமூகத்துக்கு இவ்வளவு முதியவர்கள் இருப்பது புதிய அனுபவம்.

முதுமையில் பலகாரங்கள் ஒரு ஒழுங்கில் நின்றுபோகின்றன. முதலில் இடியப்பம் நிற்கும், ஏனென்றால் உரலைப் பிழிய மணிக்கட்டு விடாது. பிறகு தேங்காய் துருவுவது நிற்கும். பிறகு பிட்டு. பிறகு மீன் துப்புரவாக்குவது. ஒரு சோறும் ஒரு கறியும் மட்டும் மிஞ்சும். அதுவும் நின்றால் பாணும் தேத்தண்ணியும். பெற்றோர் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பிள்ளைகள் கவனித்து வரவேண்டும். “நான் சாப்பிட்டிட்டன்” என்று தொலைபேசியில் சொல்வது பாணும் தேத்தண்ணியுமாக இருக்கலாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். முதியவர்களின் தசை கரையாமல் இருக்க முட்டை, மீன், பருப்பு, தயிர் போன்ற புரதச் சாப்பாடு அவசியம். பாணும் தேத்தண்ணியும் அதைத் தராது.

இன்னொன்றும் நடக்கிறது. வயது ஏற ஏற மணம் பிடிக்கும் சக்தி குறைகிறது, நாக்கின் கூர்மையும் மங்குகிறது. சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம். அதனால் அறுபதைக் கடந்த பலருக்குத் தங்கள் கறியே சப்பென்று படும். உடனே உப்பையும் தூளையும் கூட்டுவார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இரத்த அழுத்தம் உள்ளவர் உப்புக்குப் பதில் தேசிக்காய்ப்புளி, மிளகு, உள்ளி, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் ஆகியவற்றால் மணத்தைக் கூட்டலாம். “அம்மாவின்ர கை முந்தி மாதிரி இல்லை” என்று பிள்ளைகள் முகம் சுளிப்பது அந்த அம்மாவைக் கடைசி அடுப்பிலிருந்தும் விரட்டிவிடும். அவருடைய பக்குவம் கெடவில்லை. அளவு சொல்லும் கருவியான மூக்குத்தான் களைத்திருக்கிறது. திடீரென்று மணமே தெரியாமல் போனாலோ, அடுப்பை நிறுத்த அடிக்கடி மறந்தாலோ அதை வயது என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

இந்த ஐந்து கூடைகளும் ஐந்து வேறு ஆட்களுடையவை போலத் தெரிந்தாலும், ஒரே வீடு நாற்பது வருடத்தில் தூக்கும் கூடைகள்தான் அவை. புதுக்குடும்பத்துக் கூடையோடு இன்று ரயிலேறுபவர்கள் சில காரியங்களை இப்போதே தொடங்கலாம்.

முதலாவது, குசினியை ஒருவருடைய தனிச் சொத்தாக வைத்திருக்காதீர்கள். கணவன் வாரத்தில் இரண்டு நாள் சமைக்கட்டும். மகளைக் கூப்பிடும்போது மகனையும் கூப்பிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை சம்பலுக்குத் தேசிக்காய் பிழியலாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை பருப்பு வைக்கலாம். ஒருத்தி களைக்கும் நாளில் மற்றவர் கை தயாராக இருக்க இதுதான் வழி.

இரண்டாவது, கைக்கணக்கை எழுதி வையுங்கள். ஊருக்குத் தொலைபேசி எடுத்து, “அம்மா, மாவுக்குக் கொதிதண்ணி எவ்வளவு?” என்றால், “கை சொல்லும் பிள்ளை” என்பார். “கை ஒண்டும் சொல்லேல்லை அம்மா, மா கையில ஒட்டுது” என்பதுதான் இந்தப் பக்கத்துப் பதில். தாயோ மாமியோ உங்களோடு இருந்தால் ஒரு சின்னத் தராசு வாங்குங்கள். மாப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அவர் தன் கைப்படியே போடட்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை கிராம் ஏறியது என்று பார்த்து எழுதுங்கள். ஒரு சிறங்கை மா, ஒரு பிடி பெருஞ்சீரகம், ஒரு சுண்டு அரிசி எல்லாம் இப்படி இலக்கமாகிவிடும். அவருடைய மூக்கும் கையும் இன்னும் சரியாக இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். பத்து வருடம் கழித்துக் கேட்டால் கிடைப்பது வேறு அளவாக இருக்கும்.

மூன்றாவது, கறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அன்பை அளக்காதீர்கள். விருந்தினர் வந்தால் ஏழு கறி வைக்கவேண்டும் என்ற பயத்தினாலேயே விருந்தினரைக் கூப்பிடாத வீடுகள் இங்கே பெருகிவிட்டன. சோறு, பருப்பு, ஒரு மீன்குழம்பு, ஒரு சம்பல் என்று வைத்து மாதம் ஒருமுறை கூப்பிடுவது, ஏழு கறி வைத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவதைவிட நல்லது.

நான்காவது, உங்கள் கட்டடத்தில் அல்லது பக்கத்து வீதியில் தனியாக இருக்கும் முதியவர் யார் என்று விசாரியுங்கள். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. அவரைக் கூப்பிட்டு உங்கள் குசினியில் கதிரை போட்டு இருத்தி, “புளி காணுமோ அம்மா? பதம் சரியோ?” என்று கேட்பது அதைவிட நல்லது. வெங்காயம் உரிக்க, கீரை ஆய, ஒடியற் கூழுக்கு மீன் பிரிக்க அவருடைய கைக்கு இன்னும் தெரியும். புதிதாக வந்த உங்களுக்கு ஒரு தாய் கிடைப்பார். சாப்பிட ஆளில்லாமல் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும் அவருக்கு ஒரு பந்தி கிடைக்கும்.

சனிக்கிழமை மாலையானால் லாச்சப்பலில் கடைக்காரர்கள் மிஞ்சிய கீரையைக் குறைந்த விலைக்குக் கூவத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் சின்னத் துணிப்பைகளோடு நிற்பவர்கள் கூடுதலாக முதியவர்களே. உங்கள் சில்லுப் பையை இழுத்துக்கொண்டு அவசரமாகப் போகும்போது ஒரு நிமிடம் நின்று, எந்த ஊர் என்று கேளுங்கள். எந்தப் பக்கத்து ரயில் என்றும் கேளுங்கள். ஒரே ரயிலாக இருந்தால் பையையும் தூக்கிக்கொண்டு சேர்ந்து போகலாம். போகும் வழியில் ஒரு சமையல் அளவாவது கிடைக்கும். அப்படிக் கிடைத்ததை எழுதி எமக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் மற்றக் குடும்பங்களும் பார்த்துச் சமைக்கட்டும்.